டச்டவுனுக்கு அப்புறம் என்ன நடக்கிறது? எக்ஸ்ட்ரா பாயின்ட் விதி புரிய ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டச்டவுனுக்கு 6 புள்ளி என்கிறார்கள், ஆனால் ஸ்கோர்போர்டில் 7 வருகிறது. சில சமயம் 8 வருகிறது. சில சமயம் 6-லேயே நின்றுவிடுகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே ஆட்டத்தின் பாதி சூட்சுமம் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம். பழைய ரசிகர்கள் சிலர் டச்டவுன் விழுந்ததும் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடுவார்கள். 2015-க்கு முன்பு அது நியாயம்தான், பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த ஆண்டு என்எஃப்எல், அதாவது அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக், விதியை மாற்றியது. அதற்குப் பிறகு எழுந்து போகிறவர்கள் ஆட்டத்தின் முக்கியமான ஒரு முடிவைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் புள்ளிக் கணக்கும் மைதானமும்

பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது மைதானத்தின் அந்தக் கடைக்கோடிப் பகுதிக்குள், கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கினால் சேஃப்டி, மடக்கிய அணிக்கு 2 புள்ளி. அவ்வளவுதான்.

டச்டவுன் அடித்த அணிக்குக் கூடவே ஒரு வாய்ப்பு கிடைக்கும். விதிப்புத்தகம் இதை ட்ரை என்கிறது. கேரம்போர்டில் சிவப்பைப் போட்ட கையோடு ஃபாலோ போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இங்கே தவறவிட்டாலும் கையில் இருக்கும் 6 பறிபோகாது. இந்த வாய்ப்பை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 1 புள்ளி, இதைத்தான் எக்ஸ்ட்ரா பாயின்ட் என்கிறோம். உதைக்காமல், டச்டவுன் அடிப்பது போலவே ஓடியோ எறிந்தோ மறுபடியும் எண்ட் ஸோனுக்குள் போனால் 2 புள்ளி. இது டூ பாயின்ட் கன்வெர்ஷன்.

மைதானத்தில் இரண்டே இரண்டு கோடுகளைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். உதைப்பதென்றால் பந்து 15 யார்டு கோட்டில், அதாவது எண்ட் ஸோனுக்கு 15 யார்டு முன்னால், வைக்கப்படும். இரண்டு புள்ளிக்குப் போவதென்றால் 2 யார்டு கோட்டில். ஒரு யார்டு என்பது 3 அடி, மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த முயற்சி நடக்கும்போது ஆட்டக் கடிகாரம் ஓடாது. அதனால் கடைசி நொடியில் டச்டவுன் அடித்தாலும், ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடும் என்றால் இந்த வாய்ப்பு நிச்சயம் உண்டு.

உதையை எப்படிப் பார்ப்பது

பந்து 15 யார்டு கோட்டில் இருக்கிறது, ஆனால் வர்ணனையாளர் 33 யார்டு உதை என்கிறார். குழம்ப வேண்டாம். கோல் கம்பம் நிற்பது எண்ட் ஸோனின் பின் விளிம்பில். எண்ட் ஸோன் 10 யார்டு ஆழம், ஆக 25. பந்தைப் பின்னால் எறிந்து, சுமார் 8 யார்டு தள்ளித் தரையில் நிறுத்தித்தான் உதைக்கிறார்கள். மொத்தம் 33. எந்த ஃபீல்டு கோலுக்கும் இதே கணக்குதான்: கோட்டின் எண்ணோடு 18 கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று பேரைப் பாருங்கள். குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிபவர் லாங் ஸ்னாப்பர். மண்டியிட்டு அதைப் பிடிப்பவர் ஹோல்டர், பெரும்பாலும் அணியின் பன்டரே (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து விட்டுக்கொடுப்பவர்) இந்த வேலையைச் செய்வார். ஓடிவந்து உதைப்பவர் கிக்கர். ஸ்னாப், அதாவது அந்தப் பின்னெறிதல், கிளம்பியதிலிருந்து உதை விழும்வரை ஒன்றேகால் நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடி. அதற்குள் ஹோல்டர் பந்தைப் பிடித்து, நுனியைத் தரையில் ஊன்றி, பந்தின் தையல் நூல் கிக்கரின் பாதத்தில் படாதபடி கம்பத்தின் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் பிடித்து நிறுத்த வேண்டும். மெதுவாக ஓட்டிக் காட்டும்போது ஹோல்டரின் கையை மட்டும் பாருங்கள். கிக்கர் தவறவிட்டார் என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருப்பார்கள், உண்மையில் பந்து சாய்ந்தோ தையல் திரும்பாமலோ இருந்திருக்கும்.

கம்பங்களுக்கு இடையே அகலம் 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கம்பி 10 அடி உயரம். மைதானத்தின் நடுவே இருக்கும் இரண்டு வரிசைச் சிறு கோடுகளுக்கு இடையே உள்ள அகலமும் இதே 18 அடி 6 அங்குலம்தான். அந்த இரண்டு வரிசைகளுக்குள் கிக்கர் கேட்கும் இடத்தில் பந்தை வைத்துத் தருவார்கள். ரக்பியில் எந்த இடத்தில் பந்தைத் தரையில் வைத்தார்களோ அதற்கு நேராகத்தான் உதைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தவருக்குக் கஷ்டமான கோணம்தான் கிடைக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. டச்டவுன் எந்த மூலையில் விழுந்தாலும் உதை நேராகத்தான்.

2015-க்கு முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றினார்கள்

முன்பு உதைக்கும்போதும் 2 யார்டு கோடுதான். கணக்குப் போட்டால் 20 யார்டு உதை. தொழில்முறை கிக்கருக்கு அது தவறவே தவறாது. 2013 சீசனில் 1,267 முயற்சிகளில் தவறியவை வெறும் 5. ஆட்டத்தை நிறுத்தி, 22 பேரை வரிசையில் நிற்கவைத்து, விடை தெரிந்த ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சும்மா நேரம் போவது மட்டும் பிரச்சினை இல்லை. அந்த 22 பேரும் நிஜமாக மோதிக்கொள்கிறார்கள். 2012 நவம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ராப் கிராங்கவ்ஸ்கி, ஏற்கெனவே வெற்றி உறுதியாகிவிட்ட ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், எக்ஸ்ட்ரா பாயின்ட் வரிசையில் தடுப்பாளராக நின்றபோது முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், யாரும் பார்க்காத ஓர் உதைக்காகக் காயப்பட்டார். இந்தச் சடங்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவைப்படவில்லை.

2014 ஜனவரியில் லீக் ஆணையர் ராஜர் குடெல் ஒரு யோசனையை வெளியில் விட்டார். டச்டவுனுக்கு நேராக 7 கொடுத்துவிடலாம், விருப்பப்பட்டால் எட்டாவது புள்ளிக்கு ஓடலாம், தோற்றால் ஒன்று குறைந்து 6. பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கும் பழைய உதை வேண்டாம் என்று வெளிப்படையாகவே பேசிவந்தார். அவர் அணி உதையை 25 யார்டு கோட்டுக்குத் தள்ளச் சொன்னது. அந்த ஆண்டு பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டங்களின் முதல் இரண்டு வாரம் 15 யார்டு கோட்டிலிருந்து உதைத்துப் பார்த்தார்கள்.

2015 மே 19 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அணி உரிமையாளர்கள் 30-க்கு 2 என்ற கணக்கில் மாற்றத்தை ஏற்றார்கள். எதிர்த்தவை ஓக்லண்ட், வாஷிங்டன் அணிகள். உதை 15 யார்டு கோட்டுக்குப் போனது. இரண்டு புள்ளி முயற்சி 2 யார்டிலேயே இருந்தது. புதிதாக இன்னொன்றும் சேர்ந்தது: உதையைத் தடுத்தோ பந்தைப் பிடுங்கியோ எதிரணி மறுமுனை எண்ட் ஸோன்வரை ஓடிவிட்டால் அவர்களுக்கு 2 புள்ளி. கல்லூரி ஃபுட்பாலில் இது 1988-லிருந்தே இருக்கிறது.

13 யார்டு தள்ளியதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். முதல் சீசனிலேயே வெற்றி விகிதம் 99-லிருந்து 94.2 சதவீதத்துக்கு இறங்கியது. 2016 நவம்பர் 20 என்ற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 12 எக்ஸ்ட்ரா பாயின்ட்கள் தவறின. 2013-ல் ஒரு முழு சீசனுக்கே 5 தான். அதன் பிறகு ஆண்டுக்காண்டு ஏறி இறங்கி, சுமார் 93-க்கும் 96-க்கும் நடுவே நிற்கிறது.

கொஞ்சம் பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். 1883-ல் டச்டவுனுக்கு 2 புள்ளிதான், அதன் பிறகு வரும் உதைக்கு 4. எண்ட் ஸோனுக்குள் போவதே உதைக்கும் உரிமையைச் சம்பாதிக்கத்தான். அடுத்த ஆண்டே அது தலைகீழானது. 1912-ல் டச்டவுன் இன்றைய 6-க்கு வந்து சேர்ந்தது. இரண்டு புள்ளி முயற்சியைக் கல்லூரிகள் 1958-லேயே கொண்டுவந்துவிட்டன, என்எஃப்எல் ஏற்றதோ 1994-ல்தான். அந்த சீசனின் முதல் வாரத்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் ஹோல்டர் டாம் டூபா, உதைக்கப் பிடிப்பது போல நடித்துப் பந்தோடு உள்ளே ஓடி, லீகின் முதல் இரண்டு புள்ளியை எடுத்தார்.

ஒன்றா, இரண்டா: பயிற்சியாளர் போடும் கணக்கு

நான் மிகவும் ரசிக்கும் பகுதி இதுதான், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு புள்ளி முயற்சிகள் நெடுங்காலமாகப் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பலிக்கின்றன. 48 சதவீதம் என்று வைத்தால் ஒரு முயற்சிக்குச் சராசரியாக 0.96 புள்ளி. உதை 95 சதவீதம் என்றால் 0.95. கிட்டத்தட்ட சமம். உதை 99 ஆக இருந்த காலத்தில் யோசிக்கவே தேவையில்லை, உதைத்துவிட்டுப் போவார்கள். அதை 95-க்கு இறக்கியதுமே பயிற்சியாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாகிவிட்டது. விதிமாற்றத்தின் உண்மையான பலன் என்று நான் சொல்வது இதைத்தான். தவறும் உதைகள் அதற்கு அப்புறம்தான்.

சராசரி சமம் என்றால், முடிவு செய்வது ஸ்கோர் வித்தியாசம். டச்டவுன் விழுந்ததும், 6 சேர்த்த பிறகு வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 2 பின்னால் என்றால் சமன் செய்ய இரண்டுக்குப் போக வேண்டும், இது எல்லாருக்கும் தெரியும். 5 பின்னால் என்றாலும் இரண்டுக்குப் போகலாம்: 3 பின்னால் ஆகிவிட்டால் ஒரு ஃபீல்டு கோல் சமன் செய்யும். 1 முன்னால் என்றால் இரண்டுக்கு, 3 முன்னால் போய்விட்டால் எதிரணியின் ஃபீல்டு கோல் உங்களைத் தோற்கடிக்க முடியாது. 5 முன்னால் என்றாலும் அப்படியே, 7 ஆகிவிட்டால் அவர்களுக்கு டச்டவுனும் எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் சேர்ந்தால்கூடச் சமன்தான். ஆட்டத்தின் முதல் பாதியில் இதெல்லாம் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், நான்காவது கால்பகுதியில் இதுதான் பேச்சு.

இப்போது எல்லாரையும் குழப்பும் ஒரு நிலைமை. உங்கள் அணி 14 பின்னால், ஆட்டம் முடியப் போகிறது. ஒரு டச்டவுன் விழுந்தது, 8 பின்னால். உதைத்து 7 ஆக்குவதுதானே புத்திசாலித்தனம்? அரங்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் பயிற்சியாளர் இரண்டுக்குப் போகிறார்.

இன்னொரு டச்டவுன் நமக்கு விழும், எதிரணி இனி புள்ளி எடுக்காது என்று வைத்துக்கொள்வோம். அது நடக்காவிட்டால் எந்த முடிவு எடுத்தாலும் தோல்விதான். கணக்கு எளிதாக இருக்க, உதை எப்போதும் விழும், இரண்டு புள்ளி முயற்சி பாதிக்குப் பாதி என்று எடுங்கள்.

இரண்டு டச்டவுனுக்கும் உதைத்தால் ஸ்கோர் சமன், கூடுதல் நேரம், அங்கே வாய்ப்பு பாதி. மொத்தம் 50 சதவீதம்.

முதல் டச்டவுனுக்கே இரண்டுக்குப் போனால்? பலித்தால் 6 பின்னால். அடுத்த டச்டவுனும் உதையும் சேர்ந்து 1 புள்ளியில் நேரடி வெற்றி. இதுவே 50 சதவீதம் ஆகிவிட்டது. பலிக்கவில்லை என்றால் 8 பின்னால், அடுத்த டச்டவுனுக்குப் பிறகு 2 பின்னால், மறுபடியும் இரண்டுக்குப் போகலாம். அது பலித்தால் கூடுதல் நேரம். பாதியில் பாதி 25, அதில் பாதி 12.5. மொத்தம் 62.5 சதவீதம்.

கையிருப்பில் இரண்டாவது வாய்ப்பு ஒன்று இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். முதல் முயற்சி தோற்றால் திருத்திக்கொள்ள இடம் உண்டு, கடைசி வரை காத்திருந்தால் இல்லை. நடைமுறை எண்களான 95-ஐயும் 48-ஐயும் போட்டுப் பார்த்தாலும் சுமார் 59-க்கு 46 என்று வருகிறது. முன்பு யாரும் இதைத் துணிந்து செய்ததில்லை, தோற்றால் மறுநாள் முழுக்கப் பயிற்சியாளரின் தலைதான் உருளும். இப்போது பல அணிகள் செய்கின்றன. அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் பக்கத்தில் இருப்பவர் தலையில் அடித்துக்கொண்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அபூர்வமாக வரும் சில நிலைமைகள்

உதைக்க நிற்கும்போது எதிரணி தவறு செய்து நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால், அணி மனம் மாறி இரண்டு புள்ளிக்குப் போகலாம். அப்போது பந்து 2 யார்டிலிருந்து பாதித் தூரம் நகர்ந்து 1 யார்டு கோட்டுக்கு வரும். கிக்கர் வெளியே ஓட, தாக்குதல் அணி மறுபடி உள்ளே வருவதைப் பார்த்தால் இதுதான் காரணம்.

ஸ்னாப் கெட்டுப்போய் உதைக்கவே முடியவில்லை என்றால் ஹோல்டர் பந்தோடு ஓடலாம், எறியலாம். 15 யார்டு தாண்டி உள்ளே போனால் 2 புள்ளி. பெரும்பாலும் பரிதாபமாகத்தான் முடியும்.

ஒரு புள்ளி சேஃப்டி என்று ஒன்று இருக்கிறது. என்எஃப்எல்லில் நடந்ததே இல்லை. கல்லூரி ஆட்டத்தில் 2013 ஃபியெஸ்டா பவுலில் நடந்தது: ஆரிகன் அணியின் உதை தடுக்கப்பட்டது, பந்தை எடுத்த கேன்சஸ் ஸ்டேட் ஆட்டக்காரர் அதோடு தன் சொந்த எண்ட் ஸோனுக்குள் பின்வாங்க, அங்கேயே ஆட்டம் நின்று ஆரிகனுக்கு 1 புள்ளி கிடைத்தது.

நேரம் முடியும்போது கடைசி நகர்வில் வெற்றி டச்டவுன் விழுந்தால் இப்போது உதை கிடையாது. 2018 ஜனவரியில் மினசோட்டா வைகிங்ஸ் கடைசி நொடியில் ஸ்டெஃபான் டிக்ஸின் டச்டவுனால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸை வீழ்த்தியது. மைதானம் முழுக்கக் கொண்டாட்டம், தோற்ற அணி உடைமாற்றும் அறைக்கே போய்விட்டது. ஆனால் விதிப்படி ட்ரை நடந்தாக வேண்டும். செயின்ட்ஸ் ஆட்டக்காரர்களைத் திரும்ப வரவழைத்து நிற்கவைத்தார்கள், வைகிங்ஸ் மண்டியிட்டு முடித்தது. அந்த ஆண்டே இந்த விதியை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை.

இந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்

விதியை எவ்வளவு படித்தாலும் நாலு ஆட்டம் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

2015 டிசம்பர் 6, செயின்ட்ஸும் கரோலினா பேந்தர்ஸும். தடுக்கப்பட்ட உதையை எடுத்துக்கொண்டு செயின்ட்ஸின் ஸ்டெஃபோன் ஆண்டனி மறுமுனைவரை ஓடினார். என்எஃப்எல்லில் தடுப்பு அணி எடுத்த முதல் 2 புள்ளி. முழு ஆட்டமும் தேவையில்லை, அந்த ஓட்டத்தை மட்டும் பார்த்தால் போதும்.

2016 ஜனவரி 24, பேட்ரியட்ஸும் டென்வர் பிராங்கோஸும். பேட்ரியட்ஸ் கிக்கர் ஸ்டீஃபன் கோஸ்ட்கவ்ஸ்கி தொடர்ந்து 523 எக்ஸ்ட்ரா பாயின்ட்களைத் தவறவிடாமல் உதைத்தவர். முதல் கால்பகுதியில் ஒன்றைத் தவறவிட்டார். அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிய 12 நொடி இருக்கும்போது பேட்ரியட்ஸ் டச்டவுன் அடித்தது, 20-18. அந்த 1 புள்ளி கையில் இருந்திருந்தால் ஓர் உதையில் சமன். இல்லாததால் இரண்டுக்குப் போனார்கள், எறிந்த பந்து எதிரணி கையில் சிக்கியது. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது பிராங்கோஸ்.

அதே ஆண்டு நவம்பர் 13, பிராங்கோஸும் செயின்ட்ஸும். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை, 23-23. செயின்ட்ஸ் உதைத்தால் முன்னிலை. பிராங்கோஸின் ஜஸ்டின் சிம்மன்ஸ் குனிந்திருந்த ஸ்னாப்பரின் முதுகுக்கு மேலே தாண்டிக் குதித்து உதையைத் தடுத்தார், வில் பார்க்ஸ் பந்தோடு ஓடி 2 புள்ளி எடுத்தார். 25-23, பிராங்கோஸ் வெற்றி. இப்படித் தாண்டிக் குதிப்பதை 2017-ல் தடைசெய்துவிட்டார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் கீழே இருப்பவரின் கழுத்தை நினைத்தால் தடை சரிதான்.

2017 பிப்ரவரி, ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுல். பேட்ரியட்ஸ் 28-3 என்று பின்தங்கி, அட்லாண்டா ஃபால்கன்ஸை வென்ற ஆட்டம். எல்லாரும் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) டாம் பிரேடியைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் எக்ஸ்ட்ரா பாயின்ட்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் டச்டவுனுக்குப் பின் கோஸ்ட்கவ்ஸ்கியின் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, 28-9. பிறகு ஒரு ஃபீல்டு கோல், 28-12. வித்தியாசம் 16. அந்த உதை விழுந்திருந்தால் 15, அதாவது ஒரு 8-ம் ஒரு 7-ம் போதும். இப்போது இரண்டு டச்டவுனுக்கும் இரண்டு புள்ளி முயற்சி பலித்தே ஆக வேண்டும். முதலாவதில் பந்து பிரேடிக்கே போகவில்லை. ஸ்னாப் தன் தலைக்கு மேல் போய்விட்டது போல அவர் துள்ளிக் குதித்து நடிக்க, பந்து நேராக ஜேம்ஸ் வைட் கைக்குப் போய் அவர் நடுவே நுழைந்தார். 28-20. இரண்டாவது, 57 நொடி இருக்கும்போது டேனி அமென்டோலாவுக்கு எறிந்தது, கோட்டை அவர் தாண்டினாரா என்று பார்ப்பவர் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். 28-28. கூடுதல் நேரத்தில் வைட் அடித்த டச்டவுனோடு ஆட்டம் முடிந்தது, ட்ரை இல்லாமல் 34-28.

2024 பிப்ரவரி, லாஸ் வேகஸ் சூப்பர் பவுல். நான்காவது கால்பகுதியில் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் டச்டவுன் அடித்து 16-13 என்று முன்னால் போனது. ஜேக் மூடியின் உதையை கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் லியோ செனால் தடுத்துவிட்டார். 17-13 ஆகியிருந்தால் சீஃப்ஸுக்கு டச்டவுன் தேவை. 16-13 என்பதால் ஒரு ஃபீல்டு கோலிலேயே சமன் ஆனது, பிறகு 19-19, கூடுதல் நேரம், கடைசியில் 25-22 என்று சீஃப்ஸ் கோப்பையை எடுத்தது. ஒரு கையில் பட்ட ஒரு பந்து.

விதி எப்படி மாறுகிறது, இனி மாறுமா

காம்பெட்டிஷன் கமிட்டி என்ற குழு பரிந்துரைகளைக் கொண்டுவரும், அணிகளும் தனியாக முன்மொழியலாம். 32 அணிகளில் 24 ஆதரவு வேண்டும். இது எவ்வளவு உயர்ந்த வேலி என்பதற்கு ஓர் உதாரணம்: ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் டஷ் புஷ் ஆட்டத்தை, அதாவது பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து எல்லாரும் சேர்ந்து தள்ளுவதை, தடைசெய்ய கிரீன் பே பேக்கர்ஸ் 2025-ல் முன்மொழிந்தது. 22 ஓட்டு ஆதரவு, 10 எதிர்ப்பு. நிறைவேறவில்லை.

மற்ற லீக்குகள் வேறு வழிகளில் முயன்றிருக்கின்றன. கனடிய லீக்கும் அதே 2015-ல் உதையை 25 யார்டு கோட்டுக்குத் தள்ளி, இரண்டு புள்ளி முயற்சியை 3 யார்டு கோட்டில் வைத்தது. 2019-ல் தொடங்கி அந்த சீசனோடே நின்றுபோன ஒரு லீக் உதையை எடுத்துவிட்டு எல்லாரையும் இரண்டு புள்ளிக்குப் போகச் சொன்னது. 2020-ன் எக்ஸ்எஃப்எல்லில் 2 யார்டிலிருந்து 1 புள்ளி, 5 யார்டிலிருந்து 2, 10 யார்டிலிருந்து 3 என்று மூன்று தேர்வுகள்.

என் கருத்தைக் கேட்டால்: நேராக 7 கொடுத்துவிடலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, அது இருந்த கொஞ்ச நஞ்சப் பரபரப்பையும் எடுத்துவிடும். கம்பங்களைக் குறுக்குவதும் வேண்டாம், அது ஃபீல்டு கோலையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டு புள்ளி முயற்சியை 1 யார்டுக்குக் கொண்டுவரச் சொல்லி 2015-ல் ஈகிள்ஸ் முன்மொழிந்து ஏற்கப்படாமல் போனது. இன்று அதே அணி 1 யார்டில் எப்படித் தள்ளி முன்னேறுகிறது என்று பார்த்தவர்களுக்கு, அது நிராகரிக்கப்பட்டது எவ்வளவு நல்லது என்று தெரியும். 2 யார்டைத் தொடவே கூடாது. உதை விகிதம் 97, 98 என்று மறுபடி ஏறினால் மட்டும் 15-ஐ 20 ஆக்கலாம். அதுவரை இப்போதிருக்கும் சமநிலை நன்றாகவே வேலை செய்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் கடைசியில் உரிமையாளர்களின் கூட்டம் நடக்கும், அதற்குச் சில நாள் முன்பே முன்மொழிவுகளின் பட்டியல் வெளியாகிவிடும். அதில் ட்ரை என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்மொழிந்தது கமிட்டியா, தனி அணியா என்றும் பாருங்கள், கமிட்டி கொண்டுவருவதற்குத்தான் 24 ஓட்டு எளிதாகச் சேரும். ஓராண்டுக்கு மட்டும் என்று குறிப்பு இருந்தால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். 15 யார்டு உதையும் 2015-ல் அப்படி ஓராண்டுச் சோதனையாகத்தான் வந்தது, 2016 மார்ச்சில் நிரந்தரமாகிவிட்டது.